கெடுதல் நோட்டு

18.8.2025, திங்கள்
வேங்கிக்கால்

அனுப்புநர்: காசி, மனு எழுதுபவர், கலெக்டர் ஆபீஸ் எதிரே தகரக் கொட்டகை, இரண்டு நாற்காலிகளில் ஒன்று.
பெறுநர்: ஜனாப் மொய்னுதீன், மேற்படி கொட்டகையின் இன்னொரு நாற்காலி, தற்போது மகள் வீடு, கீழ்பென்னாத்தூர்.
பொருள்: மேற்படி நாற்காலி காலியாகக் கிடப்பது தொடர்பாக.
பார்வை: நீங்கள் எடுக்காத நாற்பத்தொரு போன்.

மொய்னு பாய்,

இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதிய கை, தனக்கென்று எழுத உட்கார்ந்தாலும் "மதிப்பிற்குரிய அய்யா" என்றுதான் ஆரம்பிக்கிறது. அடித்துவிட்டு மேலே போகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதைக் கண்டுபிடித்தவள் உண்ணாமலை. அவள் போனிலிருந்து அடித்தேன். என் குரல் கேட்டதும் அதுவும் அத்தோடு சரி. "பொண்டாட்டி நம்பரையும் சேத்து பிளாக் பண்ண வெச்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான்யா" என்று என் மனைவி பாராட்டினாள். அதனால்தான் தபால்.

திங்கள்கிழமை, மனு நாள். கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கிறது. "பாய் எங்க, பாய் எங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு நீங்கள் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். மீதிப் பேருக்கு ஹஜ் போயிருப்பதாகச் சொன்னேன். வந்ததும் தாடியைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தம்பி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டானாம். எனக்குத் தெரிந்த தெலுங்கு, சாமி கும்பிட வருகிறவர்களுக்கு லாட்ஜுக்கு வழி சொல்கிற அளவுதான். ஆனால் நம்ம வழக்கத்தை விடவில்லை. எந்த மனுவுக்கும் முன்னால் நாம் கேட்கிற கேள்வியைக் கையைக் காலை ஆட்டிக் கேட்டேன்: "உனக்கு என்ன பண்ணாங்க? உன் வாயால சொல்லு." அவர் சொன்னார்: "கொம்ப முஞ்சாடு." வீட்டையே தண்ணீரில் முக்கிவிட்டானாம்! வருகிறவர் தன் கெடுதலைச் சொல்கிற சொல்லை அப்படியே தேதி போட்டு எழுதுகிற நம்ம கெடுதல் நோட்டில் குறித்துவிட்டேன். புதுச் சொலவடைக்கு மட்டும் எண் போடுவோமே, அந்த வரிசையில் பதிவு எண் 612. தமிழ்க்காரன் வயிற்றில் அடிப்பான், உங்க ஆட்கள் அதே வயிற்றில் உதைப்பார்கள் (உருதுவில் பேட் பே லாத், பதிவு எண் 9, உங்கள் கையெழுத்து), தெலுங்குக்காரர் முழு வீட்டையும் முக்கிவிடுகிறார். மூன்று பாஷைக்காரனையும் ஒரே கொட்டகையில் உட்கார வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ரசிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

ரூபீனாவுக்கு ஏதோ மெமோ வந்திருப்பதாக டீக்கடையில் காதில் விழுந்தது. பால்வாடி உத்தியோகத்தில் இதெல்லாம் சகஜம். பதில் எழுத ஆள் தேவையென்றால் சொல்லுங்கள். நம்ம பெண்ணுக்கு நான் எழுதாமல் யார் எழுதுவது?

காசி


25.8.2025
கீழ்பென்னாத்தூர்

திரு. காசி அவர்களுக்கு,

பொருள்: தாங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டது தொடர்பாக.

என் மகள் ரூபீனா, அங்கன்வாடிப் பணியாளர், ஜூலை 21 முதல் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாள். அவள்மீது வந்த மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மனுதாரர் ஆராயி, கூலி வேலை. கீழே அவருடைய கைநாட்டு. மேலே இருப்பது யார் கை என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம். நீல மை. கம்ப்யூட்டர் வந்தும் கையால்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான்.

"மேற்படி பணியாளர் ரூபீனா, மூன்று வயதுக் குழந்தை கவிநிலாவின் பிஞ்சுக் கையைக் கொதிக்கும் பாத்திரத்தில் தொடவைத்துத் தீங்கு விளைவித்துள்ளார். இது பெற்ற வயிற்றில் அடிக்கும் செயலாகும்."

பெற்ற வயிறு. அது தங்களுடைய சரக்கு. நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

விசாரணை செப்டம்பர் 29, திங்கட்கிழமை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், போலீசுக்கும் போகும். ரூபீனா ஒரு மாதமாக வாசலுக்கு வரவில்லை. ஆகவே நானும் என் மனைவி முன்னி பேகமும் இங்கே இருக்கிறோம், ஹஜ்ஜில் அல்ல.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மனுவின் தேதியான ஜூலை 7 அன்று ஆராயி தன் வாயால் சொன்னது நோட்டில் இருக்கும். நோட்டை அனுப்பவும்.

மொய்னுதீன்


1.9.2025
வேங்கிக்கால்

பாய்,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷமாக 'டேய் காசி'. நகலைப் பார்த்ததைவிட அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வியர்த்தது.

சத்தியமாக எனக்குத் தெரியாது பாய். மனு நாளில் நாற்பது பேர் வருகிறார்கள். ஆராயி என்றால் எந்த ஆராயி? ரூபீனா என்றால் எந்த ரூபீனா? பெயர் என் பேனா வழியாகப் போயிருக்கும், மூளை வழியாகப் போகவில்லை. என் பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இது புதிதும் அல்ல.

தொழிலும் உங்களுக்குத் தெரியாததா? நடந்ததை நடந்தபடி எழுதினால் எந்த மனுவாவது காகிதக் கட்டை விட்டு வெளியே வந்திருக்கிறதா? 'தீங்கு விளைவித்துள்ளார்' என்று ஒரு வரி போட்டால்தான் காகிதம் எழுந்து நடக்கும். கருப்பன் கிணற்றில் பக்கத்து வீட்டு ஆடு தண்ணீர் குடித்ததற்கு 'நீராதாரத்தைச் சூறையாடினர்' என்று எழுதியது யார்? நானா? அன்றைக்கு ஆட்டுக்காரன் அழுதுகொண்டே வந்தபோது, அவனுக்கும் நீங்களே பதில் மனு எழுதிக் கொடுத்தீர்கள்.

நம்ம இரண்டாவது விதியையும் நான் மீறவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு. படித்துக் காட்டினேன். அந்தம்மா தலையை ஆட்டியது. மை வைத்தேன். அதற்கப்புறம் அது அவர் மனு, என் மனு அல்ல.

நோட்டு விஷயம்தான் சங்கடம். ஜூலையில் பெய்த மழைக்குக் கொட்டகை ஒழுகி, அந்த மாசத்துப் பக்கமெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது.

எனக்கு மட்டும் வலிக்காதா பாய்? சோறு இறங்கவில்லை. தூக்கமில்லை. இந்த வாரம் பத்திரிகைக்கு 'வேங்கிக்கால் வம்பு' கட்டுரையைப் படுமோசமாக எழுதி அனுப்பினேன். ஆசிரியருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

காசி


8.9.2025
கீழ்பென்னாத்தூர்

திரு. காசி அவர்களுக்கு,

ஜூலை மழையில் கூழாகிப்போன நோட்டில் ஆகஸ்ட் 18 அன்று 612-ஆம் பதிவு எழுதியதாகத் தங்கள் முதல் கடிதத்தில் இருக்கிறது. பொய் சொல்கிறவன் பழைய கடிதங்களின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் நம் தொழில்தான்.

நேற்று ஆராயி வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மனுவின் நகலை எடுத்து, எழுதியிருப்பதை ஓர் எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல் முழுசாகப் படித்தேன். பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ பாய், நா எங்க அப்டி சொன்னேன்? கொழந்த ஓடிப்போயி குண்டான தொட்டுடுச்சு. டீச்சரம்மாதான் மருந்து போட்டு, தூக்கிக்கினு வந்து வூட்ல வுட்டாங்க. சமையல் கட்டுக்குக் கதவு இல்ல, ஒரு கதவு வோணும்னுதானே சொன்னேன்?"

"எழுதினவரு படிச்சுக் காட்டினாராமே?"

"காட்னாரே. கதவுனுதானே படிச்சாரு! நா சொன்னது அப்டியே இருந்துச்சு. என்னமா எழுதிக்கிறாருனு நெனச்சிக்கினேன்."

காசி, ஊர் மொத்தமும் நடந்ததைக் கூட்டி எழுதும். நானும் எழுதியிருக்கிறேன், ஆட்டையும் கிணற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டி எழுதியதைக் கூட்டியபடியே படித்துக் காட்டினேன். கருப்பன் 'சூறையா? அவ்ளோ வாணாம் பாய்' என்றான், அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். தாங்கள் ஒன்றை எழுதி, வேறொன்றைப் படித்திருக்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கட்டை விரலை எடுத்து என் மகள்மேல் வைத்திருக்கிறீர்கள்.

கவிநிலாவின் கையைப் பார்த்தேன். தழும்பு வேர்க்கடலைப் பருப்பு அளவுகூட இல்லை.

ஆராயி வந்து மறுத்துச் சொல்லத் தயார். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று தங்களுக்கே தெரியும். பாய் வீட்டுக்காரர்கள் மிரட்டி மாற்றிச் சொல்ல வைத்தார்கள் என்று எழுத அங்கே இன்னொரு காசி உட்கார்ந்திருப்பான். எழுதியவன் வந்து சொன்னால் மட்டுமே நிற்கும்.

பார்க் பெஞ்சில் தங்கியிருந்த அந்த ஜெர்மன்காரம்மா நினைவிருக்கிறதா? அறையைப் பூட்டி வெளியே விட்ட வீட்டுக்காரர்மேல் மனு எழுத வந்தவர். மன்னிப்புக் கேட்க அவர் பாஷையில் என்ன சொல்வார்கள் என்று நாம் கேட்டோம். 'எனக்கு வேதனை செய்கிறது' என்று சொல்வார்களாம். அன்றைக்குத் தாங்கள் சிரித்தீர்கள்: "மிதிச்சவன் தன் கால் வலிக்குதுங்கிறான் பாய்!" தங்கள் முந்தைய கடிதத்தின் கடைசிப் பத்தியை எடுத்து மறுபடி படிக்கவும்.

ரூபீனாவின் இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும் தாங்கள்தான். அதே மேசை, அதே நீல மை. எந்த ரூபீனா என்று கேட்கிறீர்கள்.

மொய்னுதீன்


22.9.2025
வேங்கிக்கால்

பாய்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நகைச்சுவை நன்றாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

நோட்டு ஊறவில்லை. டிரங்குப் பெட்டியில் என் பழைய கட்டுரைகளோடு பத்திரமாக இருக்கிறது. அந்தக் கட்டுரைகளைக் கரையான்கூடச் சீண்டாது.

ஜூலை 7. நீங்கள் மதியம் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். ஆராயி வந்தாள். கேள்வி கேட்டேன், சொன்னதை நோட்டில் குறித்தேன். டீச்சரம்மா பேர் என்ன என்று கேட்டேன். புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். ரூபீனா என்று இருந்தது. ஊர்ப் பெயரும் இருந்தது.

பேனா நின்றது பாய். அது உண்மை. எத்தனையோ ரூபீனா இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் வாக்கியம் அதற்குள் வந்துவிட்டது. கதவு வேண்டும் என்பது மனுவே இல்லை, கதவு வேண்டும் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆரம்பித்தேன். பிஞ்சுக் கை வந்தது. கொதிக்கும் பாத்திரம் வந்தது. பெற்ற வயிறு தானாக வந்து கடைசியில் உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வரி எனக்கு விழுந்ததில்லை. அதை அடிக்க மனசு வரவில்லை.

உங்கள்மேல் கோபமா, பொறாமையா என்று உண்ணாமலை கேட்டாள். ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. ஒரு நல்ல வரி. அவ்வளவுதான்.

படித்துக் காட்டச் சொன்னாள் ஆராயி. அந்த வரியை அவள் முகத்துக்கு நேரே படிக்க வாய் வரவில்லை. கதவைப் படித்தேன். நோட்டைப் பார்த்துப் படித்தேன், மனுவைப் பார்த்தல்ல. அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்கள் என் முகத்தில் முழிக்கப் போவதில்லை. நீங்கள் தொழுகை முடிந்து வந்து டீ குடித்தபோது, பெயரை மட்டும் மறைத்துவிட்டு அந்த வரியை உங்களிடம் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். நீங்கள் ரசிப்பீர்கள் என்று தோன்றியது.

29-ஆம் தேதி வருகிறேன். நோட்டோடு. இதைச் சொன்னால் கொட்டகையில் உட்கார விடமாட்டார்கள், கேஸும் என்மேல் திரும்பலாம். பயமாகத்தான் இருக்கிறது. வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனேன். உண்ணாமலை மை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இத்தினி வருஷம் ஊரு வெரலயெல்லாம் புடிச்சு மையில முக்கினியே. உன் வெரல முக்கு."

முக்கினேன்.

காசி


15.10.2025
கீழ்பென்னாத்தூர்

காசி,

இந்தக் கடிதத்தில் 'தாங்கள்' இல்லை. சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு மாதம் அந்த மரியாதையைச் சுமந்ததில் கை வலிக்கிறது.

ஆணை வந்துவிட்டது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பதின்மூன்றாம் தேதி முதல் ரூபீனா வேலைக்குப் போகிறாள். நீ வந்தாய், நின்றாய், ஜூலை 7-ஆம் பக்கத்தை எழுத்து பிசகாமல் படித்தாய். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று முன்னி பேகம் சொல்கிறாள். சொல்லிவிட்டேன்.

ஆனால் விசாரணை அதிகாரி அம்மா உன்னைக் கேட்டார்: "ஏன்யா அப்டி எழுதினீங்க?" நீ சொன்னாய்: "வரி நல்லா வந்துடுச்சு மேடம்." மூலையில் உட்கார்ந்திருந்த கிளார்க் களுக்கென்று சிரித்தார். ஒரே ஒருவர். நீ திரும்பி அவரைப் பார்த்தாய், காசி. உன் முகத்தில் இருந்ததை நான் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். உன் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் வருகிற முகம். ரூபீனா உனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள்.

மையத்தில் பதினெட்டுக் குழந்தைகள். இப்போது வருவது நான்கு. ஆணை நகலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யார் படிக்கிறார்கள்? கொண்டுவந்து விடுகிற தாய்மார்கள் சுவரைப் பார்ப்பதில்லை, இவள் கையைத்தான் பார்க்கிறார்கள். இவளும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் "வா கண்ணு" என்கிறாள். குழந்தைகளைத் தூக்குவதில்லை. நான்கில் ஒன்று கவிநிலா. ஆராயி கூலிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள், டீச்சரம்மா நல்லவர்தான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு. அவள் சொல்லச் சொல்ல, தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோகிறது.

கதவு இன்னும் வரவில்லை.

விசாரணையில் நீ கொடுத்த நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். என் கையெழுத்து பாதிக்கு மேல் இருந்தாலும், அது எனக்கு வேண்டாம். ஒரு பதிவு மட்டும் சேர்த்திருக்கிறேன், நம் வழக்கப்படி தேதியோடு. போன வாரம் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. முன்னி பேகம் குண்டானைத் திறந்து பார்த்துவிட்டுத் தன்னையறியாமல் சொன்னதுதான். மறுநாள் தண்ணீர் மோட்டார் எரிந்தபோது மருமகனும் சொன்னான். நேற்று ரூபீனாவின் ரவிக்கையைத் தையற்காரர் கெடுத்துத் தைத்துக் கொண்டுவந்தபோது அவளே சொன்னாள். ஆணை வந்த பிறகு அவள் வாய் திறந்து சொன்ன முதல் நீளமான பேச்சு அது. எங்கள் வீட்டுப் பாஷையில் நஷ்டத்துக்கு நுக்ஸான், தொல்லைக்குத் தகலீஃப் எல்லாம் இருக்கின்றன. இனி இதுவும் இருக்கும், நாங்கள் செத்த பிறகும் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் ஏனென்று தெரியாமலே சொல்வார்கள்.

இதைப் பத்திரிகையில் எழுதாதே.

மொய்னுதீன்


20.10.2025, திங்கள்
திருவண்ணாமலை

பாய்,

தீபாவளி. திங்கள்கிழமைதான், ஆனால் மனு நாள் இல்லை. இருந்தாலும் எனக்கு நாற்காலி இல்லை. கொட்டகையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கம்ப்யூட்டரோடு. பத்திரிகைக்கு எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். ஆசிரியர் ஏன் என்று கேட்கவில்லை.

போன திங்கள் ஆராயி வீட்டுக்குப் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. 'எங்க ஊர் அங்கன்வாடியில் சமையல் இடத்துக்குக் கதவு இல்லை. ஒரு கதவு வேண்டும்.' படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "இன்னாடி எழுதிக்கீது, நீ படி" என்றாள். அந்தப் பெண் படித்து முடித்த பிறகுதான் விரலை நீட்டினாள். நகல் இணைத்திருக்கிறேன்.

நோட்டு வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். உண்ணாமலை எண்ணெய்க் கையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாய் இன்னா எழுதிக்கீறாரு?"

அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடி பக்கத்தில் இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். பண்டிகை நாள் வேறு.

"பதிவு எண் 613. 'காசி லிக் டாலா.' காசி எழுதிட்டான். பொருள்: ஒருவர் வாழ்க்கையை ஒன்றுக்கும் உதவாதபடி கெடுத்தல். எங்கள் வீட்டு வழக்கு."

எழுதியிருந்தபடியே படித்தேன்.

காசி